கண்மாய்க்கரையில் கேமராவும் கைக்குழந்தையும்

பறவையைப் படம் பிடிக்க அசையாமல் உட்காரத் தெரிந்தால் போதும் என்பார்கள். மடியில் பத்து மாதக் குழந்தை இருப்பவளிடம் வந்து அதைச் சொல்லட்டும். என்னைப் போலக் கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் அக்கா தங்கச்சிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் முழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சின்னாளப்பட்டிக்குப் பக்கம், கண்மாயை ஒட்டியது. மதுரையில் காலண்டர் அச்சடிக்கும் ஒருவர் கண்மாயையும் ஊரையும் பன்னிரண்டு படங்களாகக் கேட்டிருந்தார். எனக்கோ பிள்ளை பெற்றதிலிருந்து தண்ணீர், நாய், பாம்பு, கூட்டம் எல்லாமே பயம். பாப்பாவை வீட்டில் விட்டுப் போகவும் பயம். "இம்புட்டுப் பயந்துக்கிட்டு எதுக்குப் போகணும்?" என்றார் வீட்டுக்காரர். வீம்புக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்: பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்குள் பன்னிரண்டும் முடியாவிட்டால் கேமராவைத் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். கான்வென்ட்டில் படித்தவள் நான். சொன்ன சொல்லை மீறினால் சிஸ்டர் கனவில் வந்து முட்டி போட வைப்பார்.

தண்ணீரில் எழுந்த கழுத்து

முதல் நாளே கரையிலிருந்து பத்தடி தூரத்தில் பாம்பு தலையைத் தூக்கியது. வழுவழுவென்று நீளக் கழுத்து, என்னையே பார்த்தது. பாப்பாவை அள்ளிக்கொண்டு, கேமராவை ஸ்டாண்டோடு விட்டுவிட்டு, கத்திக்கொண்டே வேப்பமரம் வரைக்கும் ஓடினேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பாம்பு தண்ணீரை விட்டு எழும்பி, இறக்கையை விரித்துப் பறந்தே போய்விட்டது.

"அது பாம்பு இல்ல தாயி, பாம்புத்தாரா. நீ போட்ட கூச்சல்ல அது இந்நேரம் வத்தலக்குண்டு தாண்டியிருக்கும்."

வேலை செய்யும் பெண்

சுங்குடிச் சேலை முடிச்சுப் போடும் முத்துலட்சுமி அக்காவை இயல்பாக எடுக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து, பேச்சுப் பேச்சாக இருக்க, விரல் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கேமராவைத் தூக்கியதும், "செத்த இரு" என்று உள்ளே போனார். அரைமணி நேரம் கழித்துப் பட்டுச்சேலை, பவுடர், தலைநிறையப் பூவோடு வந்து, நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முடிச்சுத் துணி கண்ணிலேயே இல்லை.

"அக்கா, வேலை பாக்குற மாதிரி இருந்தாத்தான் அழகு" என்று கெஞ்சினேன்.

"வேலை நான் தெனமும்தான் பாக்குறேன். சும்மா உக்காந்திருக்கேன் பாரு, அதை எடு. இனிமே எப்ப உக்காரப் போறேனோ!"

எடுத்தேன். காலண்டரில் ஜூன் மாதம் அவர்தான்.

நாரைக்குக் கைதட்டல்

சங்குவளை நாரை ஒன்று மூன்று வாரம் போக்குக் காட்டிவிட்டு, ஒரு காலையில் எதிரிலேயே வந்து நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பாப்பா இரண்டு கையையும் தட்டி "க்கா!" என்று ஒரு கத்து. நாரை கிளம்பிவிட்டது. போச்சு என்று அழுத்திய ஒரே அழுத்தில், படத்தில் இறக்கையின் கடைசி ரோஜா நிறம் வரை விரிந்து விழுந்திருந்தது. வெட்கத்தோடு அனுப்பிவைத்தேன். காலண்டர்காரர் உடனே கூப்பிட்டார்.

"நிக்கிற நாரை எங்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கும்மா. இனிமே பாப்பா இல்லாம வேலைக்குப் போகாதீங்க."

வெள்ளை

பதினொன்று முடிந்தது. பிறந்தநாளுக்கு நான்கு நாள்தான் பாக்கி. பன்னிரண்டாவது, கண்மாயில் மீன்பிடித் திருவிழா. தண்ணீர் வற்றும் காலத்தில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாக விடியுமுன் கரையில் வந்து நிற்கும். மடை மேல் ஏறி ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் தண்ணீரில் கால் வைக்கலாம். அத்தனை பேரும் ஒன்றாக இறங்கும் அந்த நொடிதான் எனக்கு வேண்டும். கூட்டத்துக்குப் பயந்து யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ஏறினேன். அது மடை மேடு.

பாப்பா நனைத்துவிட்டாள். அவள் துணியெல்லாம் வீட்டுக்காரரின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துத் தைத்தவை. மாற்றுவதற்கு இன்னொன்றைக் கையில் எடுத்து, எறும்பு இருக்குமோ என்று அதை உயரத் தூக்கி இரண்டு உதறு உதறினேன்.

"ஹோ!" என்றது கரை. ஆயிரம் கால்கள் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. என்ன செய்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. ஓட வேண்டியவள்தான் நான். ஆனால் எதிரே சேறும் சூரியனும் தெறிக்க, கெண்டைகள் ஆள் உயரத்துக்குத் துள்ள, கிழவர்கள் பிள்ளைகளாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். பாப்பாவைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பினால், தோளில் துண்டும் கையில் டீயுமாக ஊர்ப் பெரியவர். என் கையிலிருந்த துணியைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார். நான் "சாரி ஐயா" என்பதற்குள் மீசை துடிக்கச் சிரித்துவிட்டார்.

"அடுத்த வருசமும் நீயே வீசு தாயி. ஆனா ஒண்ணு, நான் டீயைக் குடிச்சு முடிச்சப்புறம் வீசு!"

பன்னிரண்டும் முடிந்து கேமரா என்னிடமே தங்கிவிட்டது. பயமும் கூடவேதான் தங்கியிருக்கிறது, ஆனால் இப்போதெல்லாம் நான் படம் எடுத்து முடிக்கும்வரை அது மரியாதையாகக் காத்திருக்கிறது.