எடை முதலில், புள்ளி பிறகு

பல்கலைக்கழக அனுமதிப் பிரிவில் உத்தியோகம் பார்ப்பது என்றால், முன்பின் தெரியாத ஆட்களிடம் 'இல்லை' என்பதை 'மிகவும் வருந்துகிறோம்' என்று எழுதி அனுப்பிச் சம்பளம் வாங்குவது. வங்கியிலோ, வைத்தியசாலையிலோ, குடிவரவு அலுவலகத்திலோ ஒரு கவுன்ரருக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து இதே வேலையைச் செய்த அன்பர்களே, உங்களுக்கு இதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உங்களில் யாருக்கும் ஒரு கெவின் வாய்த்திருக்கமாட்டார்.

எங்கள் பல்கலைக்கழகம் சிட்னியின் மேற்கே, பரமட்டாவிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தபோது, விளையாட்டுக்காரருக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பரீட்சைப் புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஃபுட்போல் நன்றாக ஆடவேண்டும். ஃபுட்போல் என்று இங்கே சொல்வது ரக்பியை. காலுக்கும் அந்தப் பெயருக்கும் தூரத்து உறவுதான். முட்டை வடிவப் பந்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆள் பிடிப்பது கோச் கெவினின் வேலை. பிடித்த ஆள் படிக்கக்கூடியவனா என்று பார்ப்பது என் வேலை. 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்பதில்தான் எங்கள் இருவருக்கும் பல வருடம் பேச்சுவார்த்தை நடந்தது.

இன்னொன்று. இதில் வருகிறவர்கள் அநேகமாக ஆங்கிலத்தில் பேசியவர்கள். அதை என் யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். கெவினின் பேச்சில் கெட்ட சொற்களை எடுத்துவிட்டேன். அதனால் அவர் பேசியதில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது.

ஒத்திகை

குறைந்த புள்ளியோடு வருகிறவர்களை நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பது நான் கொண்டுவந்த வழக்கம். "நீ ஏன் பல்கலைக்கழகம் வர விரும்புகிறாய்?" என்று முதலாவது பையனிடம் கேட்டேன். "எனக்குத் தந்த சமூகத்துக்கு நான் ஏதாவது திருப்பிக் குடுக்கவேணும்" என்றான். மனம் நெகிழ்ந்தது. இரண்டாவது பையனும் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க விரும்பினான், அதே இடத்தில் மூச்சு விட்டு. மூன்றாவது பையனும் அப்படியே. மைதானத்தில் கெவின் ஓர் ஆட்டமுறையை எப்படி எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பழக்குவாரோ, அப்படிப் பழக்கி அனுப்பியிருந்தார்.

எனக்குக் கொஞ்சம் குறும்பு வந்தது. நாலாவது பையன் வந்து உட்கார்ந்ததும், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்குத் தந்த சமூகத்துக்கு…" என்று தொடங்கிவிட்டான். பக்கத்து மேசையில் இருந்தவர் கிரேஸ். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண், என் சக ஊழியர். அவர் தலையைத் தூக்காமலே தமிழில் சொன்னார்: "அண்ணே, அந்தப் பிள்ளைக்கு முதல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்க லா, சமூகம் அப்புறம் பார்த்துக்கலாம்."

எடை

அடுத்த வருடம் கெவின் ஓர் ஆளைத் தானே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் வாசலில் நின்றபோது வெளிச்சம் குறைந்தது. பெயர் தெவிதா. பெற்றோர் தொங்கா தீவிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடம் முடித்துச் சில வருடமாகக் கட்டில், அலுமாரி என்று வீட்டுத் தளபாடம் ஏற்றி இறக்கும் லொறியில் வேலை. "இவருடைய பரீட்சைப் புள்ளி என்ன?" என்று கேட்டேன். "நூற்றுப் பதினெட்டுக் கிலோ" என்றார் கெவின். "நான் கேட்டது புள்ளி." "இன்னும் ஏத்தலாம், ப்ரொஃபெசர். எலும்பு பெரிசு." நான் ப்ரொஃபெசர் இல்லை, வெறும் அனுமதி அதிகாரி என்று முன்பெல்லாம் திருத்துவேன். பிறகு விட்டுவிட்டேன். திருத்தினால் 'டீன்' என்று கூப்பிடத் தொடங்கிவிடுவாரோ என்ற பயம்தான்.

கெவினை வெளியே அனுப்பிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். தெவிதா கதவைப் பார்த்துவிட்டு, "கோச் ஒரு பதில் சொல்லித் தந்தவர். அதைச் சொல்லவோ, உண்மையைச் சொல்லவோ?" என்றான். உண்மையைச் சொல்லச் சொன்னேன். தெருவில் உள்ள பிள்ளைகள் தளபாட லொறியில் ஊரெல்லாம் சுற்றுகிறவன் எல்லாம் அறிந்தவன் என்று நினைத்து, வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு இவனிடம் வருகிறார்களாம். இவனுக்குப் பாதி தெரியாது. ஆரம்பப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்றான். புள்ளியோ கெவினின் 'கொஞ்ச'த்துக்கும் கீழே. யோசித்து, ஒரு நிபந்தனையோடு இடம் கொடுத்தேன்: முதல் வருட வரலாற்றுப் பாடத்தில் தேறவேண்டும், தேறாவிட்டால் இடமும் போகும், அணியின் சட்டையும் போகும். வெளியே நின்ற கெவினிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. "ப்ரொஃபெசர், மனுசனை மோதிப்போட்டு எழும்பச் சொல்லுங்கோ, அவன் எழும்புவான். வரலாற்றோட மோதச் சொல்லுறியளே!"

திங்கட்கிழமைப் பூசை

வரலாற்றுப் பாடத்தின் விரிவுரையாளர் டொக்டர் எலனோர். கண்டிப்பானவர், நியாயமானவர். இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அலுவலகங்களில் எவ்வளவு அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும். தெவிதாவின் முதல் கட்டுரையின் அடியில், "மிகுந்த உழைப்பு. எங்கே போகிறது என்று மட்டும் தெரியவில்லை" என்று எழுதித் தேறாத புள்ளி போட்டிருந்தார். மிச்சம் ஒரே ஒரு கட்டுரை. அதில் தேறினால்தான் இடம்.

கெவினிடம் முறையிடப் போனேன். திங்கட்கிழமை மாலை, உடுப்பு மாற்றும் அறையில் அணி முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருந்தது. சனிக்கிழமை ஆட்டத்தின் வீடியோ ஓடியது; இதற்குத் திங்கட்கிழமைப் பூசை என்று பெயர். திடீரென்று ஒருவன் "நிப்பாட்டுங்கோ" என்று எழுந்தான். "இதில நான் விட்ட பிழை. பந்து வரமுதலே கண்ணை எடுத்திட்டன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கொஞ்சத்தில் இன்னொருவன். ஒருவரும் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. சட்டம் ஒன்றே ஒன்று: உன் பிழையை நீ சொல்லமுதல் மற்றவன் கண்டுபிடித்தால், அந்த வாரம் முழுவதும் பந்து மூட்டையை நீதான் சுமக்கவேண்டும்.

நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன். எத்தனையோ குழுக்களில் இருந்தவன்; தன் பிழையைத் தானே எழுந்து நின்று சொன்ன ஒருவரை அதுவரை கண்டதில்லை. "உங்கட மீட்டிங்கில பிழை வந்தா என்ன செய்வியள்?" என்று கெவின் கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்போம் என்றேன். கெவின் அனுதாபத்தோடு என் தோளில் கை வைத்தார்: "அதுதான் ப்ரொஃபெசர், நீங்கள் இன்னும் ஒரு கப்பும் வெல்லேல்லை."

மேல்தலை எறியியும் முன்வரிசை வீரர்களும்

யோசனை யாருடையது என்று எனக்கும் கெவினுக்கும் கடைசிவரை தகராறு. நான் என்னுடையது என்கிறேன். அவர் இல்லாத இடத்தில் எழுதுவதால் அப்படியே இருக்கட்டும். வீடியோ முடிந்ததும், வகுப்பறைகளில் கண்ணாடித் தாளைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் எறியியை அந்த அறைக்குக் கொண்டுவந்து, தேறாத கட்டுரையைச் சுவரில் போட்டோம். தெவிதா முன்னால் போய் நின்றான். ஒரு பந்தியைப் பார்த்து, "இதில பந்து என்ர கையில இல்லை. புத்தகம் எழுதினவற்ற கையில" என்றான். பின்னாலிருந்து ஒருவன், "அடுத்ததிலையும் அவரிட்டைத்தான் இருக்கு. நீ எப்ப வாங்கப் போறாய்?" என்றான். இன்னொருவன் இரண்டாம் பக்கத்தைக் காட்டி, "மச்சான், இதில நீ பக்கவாட்டில ஓடுறாய். முன்னுக்கு ஓடு" என்றான். டொக்டர் எலனோர் சொல்ல வந்ததும் இதுதான்; கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருந்தார்.

புதிய கட்டுரையை அவன் தனியாகத்தான் எழுதினான். ஒரு சொல்லைக்கூட மற்றவர் போட்டுக்கொடுக்கக் கூடாது, அவன் எழுதியதைப் பார்த்துக் கேள்வி மட்டும் கேட்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை தோறும் கொண்டுவந்தான். அடி வாங்கிக்கொண்டு போனான். எனக்கோ பிறவிக்குணம் போகவில்லை. கமா விழவேண்டிய இடத்தில் விழாவிட்டால் எழுந்துவிடுவேன். ஒருநாள் அணித்தலைவன் பொறுமையிழந்தான்: "ப்ரொஃபெசர், ஒவ்வொரு கமாவுக்கும் விசில் ஊதினா ஆட்டம் எப்ப முடியிறது?"

விசாரணை

கட்டுரை நன்றாக வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. முதலில் அப்படி எழுதியவன் இப்போது இப்படி எழுதுவானா என்று டொக்டர் எலனோருக்குச் சந்தேகம் வந்தது. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் வந்திருக்கும். வேறு யாராவது எழுதிக் கொடுத்தது என்று முடிவானால் தெவிதாவின் இடம் போய்விடும். அவன் திரும்ப லொறிக்குத்தான் போகவேண்டும். விசாரணைக்கு டொக்டர் எலனோரையும் சேர்த்து மூன்று பேர் கொண்ட குழு. கெவின் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டபடியால், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வாய்க்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்க முடியவில்லை.

"இதை நீங்கள்தான் எழுதினீர்களா?" என்று டொக்டர் எலனோர் கேட்டார். ஆம், இல்லை என்று பதில் வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தெவிதா கதிரையை விட்டு எழுந்தான். அந்த அறையில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. "முதல் பக்கத்தில ஒரு பிழை" என்று தொடங்கினான். "கேள்விக்குப் பதில் சொல்ல முதல் ரெண்டு பந்தி சும்மா ஓடியிருக்கிறன். ரசிகர்களுக்குக் காட்ட." பக்கத்தைத் திருப்பினான். இங்கே சான்று போதாது. இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தைப் பலவீனமாகக் காட்டினால் வெல்வது சுலபம் என்று அப்படிக் காட்டியிருக்கிறான், அது சரியில்லை. நான் மேசைக்குக் கீழே அவன் சப்பாத்தை மிதித்தேன். அவன் உணர்ந்ததாகத் தெரியவில்லை. எலும்பு பெரிசு. நாலாம் பக்கத்தில் ஒரு மேற்கோளில் விரலை வைத்து, "இது எனக்கு முழுசா விளங்கேல்லை. கேக்க நல்லாயிருந்தது எண்டு போட்டனான். அடிபடாமலே விழுந்து கிடந்தா ரெஃபரி பெனால்ட்டி தருவார் எண்டு நினைக்கிற மாதிரி" என்றான். கெவின் தன் கைகளின்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

டொக்டர் எலனோர் பேனாவை எடுத்து அந்த இடத்தில் அடையாளம் போட்டார். பிறகு ஒவ்வொரு பக்கமாக அவனை மறித்து மறித்துக் கேட்டார்; அவனும் சொல்லிக்கொண்டே போனான். பரீட்சகரும் மாணவனுமாக இல்லாமல் ஒரே அணிக்காரர் போல இருவரும் அந்தக் கட்டுரையைப் போட்டு அடித்தார்கள். கடைசியில் அவர் புள்ளியைக் கொஞ்சம் குறைத்தார். குறைத்தும் தாராளமாகத் தேறியிருந்தான். குழுவில் இருந்த மற்ற இருவரையும் பார்த்து அவர் சொன்னார்: "நான் காணாத பிழையும் இதில சொல்லிப்போட்டார். வேற ஆள் எழுதின கட்டுரையோட ஒருத்தருக்கும் இவ்வளவு கோபம் வராது."

பிரியாவிடை

நான் ஓய்வு பெற்றபோது பரமட்டாவில் ஓர் உணவகத்தில் விருந்து வைத்தார்கள். டொக்டர் எலனோர் வந்திருந்தார். தன் வகுப்பிலும் இப்போது திங்கட்கிழமைப் பூசை நடக்கிறது என்றார். கெவின் முழங்கால் இரண்டையும் சத்திரசிகிச்சைக்குக் கொடுத்துவிட்டு ஊன்றுகோலோடு வந்தார். தெவிதா தன் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்தான். ஆசிரியனாகிப் பல வருடம். அவன் வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளைகள் எழுந்து நின்று "இந்தக் கணக்கில நான் விட்ட பிழை" என்று சொல்கிறார்களாம். முதலில் சொல்லாத பிள்ளை பந்து மூட்டையைச் சுமக்கவேண்டும். பிள்ளைகளுக்கு மூட்டை சுமப்பதில்தான் அதிக விருப்பமாம். அந்தச் சட்டத்தை மட்டும் மாற்ற யோசிக்கிறான்.

நன்றி சொல்ல எழுந்தேன். தாளில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து தெவிதாவின் குரல் கேட்டது: "சேர், பக்கவாட்டில ஓடுறியள்." சபை சிரித்தது. என் மனைவி யசோ எல்லாரையும் விட உரக்கச் சிரித்தாள். அதோடு நிற்காமல், "முப்பது வருசமா நான் சொன்னது இதைத்தான்" என்றும் சொன்னாள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். முன்னுக்கு ஓடினேன். தெவிதா என்ற ஓர் ஆசிரியரை இந்த ஊருக்குத் தேடித் தந்ததற்காகவும், ஒருவருக்குப் படிப்பு வருமா என்று எப்படிப் பார்ப்பது என்பதை எனக்குக் காட்டியதற்காகவும் கெவினுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கெவின் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அணியின் சட்டப்படி, மற்றவன் கண்டுபிடிக்கமுதல் தானே சொல்லிவிடவேண்டும் அல்லவா? "ப்ரொஃபெசர், என்ர பிழையையும் சொல்லிப்போடுறன். நான் அவனை எடுத்தது எடைக்காகத்தான்."

ஊரார் பிள்ளைகளின் தகுதியை எடைபோட்டு வாசலில் மறித்தே ஓய்வூதியம் சம்பாதித்த எனக்கு, உருப்படியாக ஏதாவது படிக்கக் கிடைத்த ஒரே இடமான அந்த உடுப்பு மாற்றும் அறைக்குள் நுழையும்போது மட்டும் யாரும் புள்ளி கேட்கவில்லை என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன்.