பிளாஸ்டர் ஒட்டிய போத்தல்

அன்று எங்கள் கார் ஸ்ரார்ட் வராமல் விட்டது போத்தலில் இருந்ததாலா, பிளக்குகளாலா? பத்து மாதமாகக் காலையில் கண்விழித்ததும் இந்தக் கேள்விதான் வருகிறது. விடை இன்னும் தெரியவில்லை.

கார் என்னைவிட வயது கூடியது. கணவரின் தகப்பனார் வாங்கியது; அவர் காலமான பிறகு மாமிதான் ஓட்டினார். கணவருக்குக் கொழும்பில் வேலை. யுத்தத்தில் பாதை பூட்டியபின் கடிதங்கள் மட்டுமே வந்தன. யாழ்ப்பாணத்தில், நெல்லியடிக்குப் பக்கத்தில் அந்த வீட்டில் மாமியும் நானும் இரண்டு வயது மகளும் இருந்தோம்.

மாமி ஸ்ரியறிங்கைப் பிடிப்பார், பொனற்றுக்குள் கை வைக்கமாட்டார். அது என் வேலை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு என்ஜினும் விளங்கும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். எனக்கு விளங்கவில்லை. கணவர் எழுதி அனுப்பியதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் நித்திரையான பிறகு ஒவ்வொன்றாகச் செய்வேன். ஒரு நட்டை இறுக்கிவிட்டு வீட்டுக்குள் போவேன். இறுக்கினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன்.

பெற்றோல் வராத காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் என்ஜின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதனால் பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டி, அதன் குழாயைக் காபரேற்றருக்குக் கொடுத்திருந்தோம். பிளக்குகளைக் கழற்றி, கரியைச் சுரண்டி, அடுப்பில் சூடாக்கிப் பூட்டவேண்டும். பிறகு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, அது சொட்டச் சொட்ட முன்னால் ஹாண்டிலைச் சுற்றவேண்டும். என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம்.

"இவன் என்ரை மனுசனை மாதிரி," என்பார் மாமி. "முதல்லை கொஞ்சம் நல்ல சரக்குக் குடுத்தாத்தான் எழும்புவான். பிறகு என்னத்தை ஊத்தினாலும் குடிப்பான்."

அந்த நல்ல சரக்கு அலுமாரியில் ஒரு போத்தலில் இருந்தது. எதுவரை இருக்கிறதோ அந்த இடத்தில் வெளியே ஒரு துண்டு பிளாஸ்டர். ஞாயிறு தோறும் அளவு குறையக் குறைய மாமி அதை உரித்துக் கீழே ஒட்டுவார்.

"கள்ளன் எடுத்தாலும் தெரியவேணும், மருமோள் எடுத்தாலும் தெரியவேணும்," என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தப் போத்தலுக்குக் கிட்டப் போகவே பயம்.

ஒரு புதன்கிழமை மாமி கோயிலுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணை ஓடிவந்தார்.

"ரீச்சர், மனுசிக்கு நோவு துவங்கீட்டுது. மருத்துவிச்சியைக் கூட்டிவரவேணும். மோட்டச்சைக்கிளுக்குக் கொஞ்சம் பெற்றோல் தாங்கோ."

பாதிக்கு மேல் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அண்ணை, மாமிக்குச் சொல்லாதேங்கோ," என்றேன்.

"நான் ஏன் சொல்லுறன்? அவ என்னைக் காருக்கடியிலை போட்டெல்லோ ஓடுவா."

பொழுதுபடுவதற்குள் அவர்களுக்குப் பெண்குழந்தை பிறந்துவிட்டது. நான் அலுமாரியைத் திறந்து, குறைந்த அளவுக்கு மண்ணெண்ணெயை விட்டுப் பிளாஸ்டர் வரை நிரப்பினேன். யாரிடமாவது பெற்றோல் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் மாமி ஏசியிருப்பார். அவ்வளவுதான். கொடுத்தது சரி என்றுதான் கடைசியில் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை காலை கிணற்றடியிலிருந்து வந்த மாமி குசினிக் கதவைப் பிடித்தபடி நின்றார். நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. நான் கூப்பிட்ட சத்தத்தில் அண்ணை வேலியைத் தாண்டி வந்தார். இருவருமாக மாமியைக் காரின் முன் சீற்றில் இருத்தினோம். அடுப்பு மூட்டிப் பிளக்குகளைச் சூடாக்க நேரமில்லை என்று விட்டுவிட்டேன். அலுமாரிப் போத்தலை எடுத்துவந்து சேலைன் போத்தலில் ஊற்றினேன். என்ன ஊற்றுகிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணை ஹாண்டிலைச் சுற்றினார். ஒரு தரம் இருமிவிட்டு என்ஜின் அடங்கியது. திரும்பவும் சுற்றினார். இல்லை.

மாமி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "என்ன சொட்டுச் சொட்டா விடுறாய்? எனக்குத்தானே, நிறைய விடு பிள்ளை."

நான் நிறைய விட்டேன்.

அண்ணையின் உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். அவருடைய மோட்டச்சைக்கிளில் புதன்கிழமையோடு பெற்றோல் முடிந்திருந்தது; ஓடிப்போய் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்துவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வெகுநேரமாகிவிட்டது. "இன்னும் வேளைக்குக் கொண்டு வந்திருக்கலாம்," என்றார் டொக்டர். மூன்றாம் நாள் மாமி போய்விட்டார். சேர்த்த அன்று வாட்டில் என் கையைத் தடவியபடி, "அவன் என்னை ஏமாத்திப் போட்டான், பிள்ளை," என்றார். காரைத்தான் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, அலுமாரிப் போத்தலில் மிஞ்சியிருந்த அதே கலவையில் இரண்டு விரல் அளவை எடுத்தேன். பிளக்குகளை நன்றாகச் சூடாக்கினேன். அண்ணை இரண்டாம் தரம் சுற்றியபோது என்ஜின் பிடித்துவிட்டது.

"பாத்தீங்களே ரீச்சர்," என்றார் அவர். "அண்டைக்கு அவவின்ரை காலம். வேறையொண்டுமில்லை."

அப்படியென்றால் பிழை பிளக்குகளைச் சூடாக்காததா? அல்லது அன்று நிறைய விட்டதில் பிளக்குகள் நனைந்துவிட்டனவா? நல்ல பெற்றோல் என்றால் நனைந்திருந்தாலும் பிடித்திருக்குமா?

செத்தவீட்டுக்கு வர முடியாத கணவர் அடுத்த மாதம் வருகிறாராம். "ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தும் ஏன் ஸ்ரார்ட் வரவில்லை?" என்று எழுதியிருக்கிறார். அதில் கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். நான் இப்போதும் ஞாயிறு தோறும் பிளக்குகளைத் துடைக்கிறேன்.

என்ஜின் தெரிந்த வாசகர்கள் யாராவது, பாதிக்கு மேல் மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலில் சூடாக்காத பிளக்குகளோடு அந்தக் கார் பிடித்திருக்குமா என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். என் பெயரைப் போடவேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

என்ஜின் தெரியாதவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். கணவரிடம் சொன்னால் அது பக்கத்து வீட்டுக்கும் போகும். தன் பிள்ளை பிறந்த அன்று எடுத்த பெற்றோலால்தான் மாமி போனார் என்று அண்ணை நினைப்பார். அந்தக் குழந்தை இப்போது எங்கள் முற்றத்தில் தவழ்ந்து விளையாடுகிறது. சொல்லாவிட்டால், காரைக் குற்றம் சொன்ன மாமியின் பேச்சே உண்மையாகிவிடும். நான் சொல்லவேண்டுமா, விடவேண்டுமா? அவர் வருவதற்கு முன் யாராவது எழுதுங்கள்.