கிருமிகளுக்குச் சீனி போட்ட கதை

கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்குத் தீனி போட்டு வேலை வாங்குவதுதான் என் தொழில். வேலைக்குப் போகிற உங்களுக்குத் தெரியாததா, ஆளைக் கெடுக்க நாலு நாள் லீவு போதும்!

ரயிலில் ஓர் ஆன்டி

மலேசியாவின் கிள்ளான் நகரில் எங்கள் ஆலை நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கிறது. கழிவுநீரில் பீனால் என்ற விஷம்; பினாயில் நாற்றம் அடிக்கும். தொட்டியில் நாங்கள் வளர்க்கும் கிருமிகள் அதைத் தின்று தீர்த்தால்தான் தண்ணீரை வெளியே விடலாம். வேலை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும்போது, என் உடையில் ஒட்டியிருந்த அந்த நாற்றத்துக்கு ரயிலில் ஓர் ஆன்டி மூக்கைப் பொத்தினார். விளக்கிச் சொன்னேன். உருகிவிட்டார்.

"ஐயோ பாவம்! அதுங்களுக்கு நல்லதா ஏதாச்சும் போடக்கூடாதா லா?"

பெருநாள் விருந்து

போட்டார் ஒருவர். சீனப் புத்தாண்டுக்குப் பத்து நாள் ஆலை மூடல். தொட்டிக்குக் காவல் எங்கள் ஆப்பரேட்டர் செல்வம் அண்ணே. சேமித்து வைத்த கழிவுநீரைத் தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. மனுஷனுக்கு இளகிய மனசு. மூன்றாம் நாள் போன் செய்தார். நான் தோழி வீட்டு விருந்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சரியாகக்கூடக் கேட்காமல் "சரிண்ணே, போடுங்க" என்றேன். அவர் கேட்டது இதுதான்:

"பெருநாளும் அதுவுமா விஷத்தையா ஊத்துறது? ரெண்டு மூட்டை சீனி போடட்டா தங்கச்சி?"

நுரை

ஆலை திறந்த அன்றே தொட்டி நுரைத்துப் பொங்கி வழிந்தது. சீனி தின்று ருசி கண்ட கிருமிகளுக்குப் பீனால் தின்கிற பழக்கமே விட்டுப்போய், பாதி செத்துவிட்டன. ஆலையை மறுபடி நிறுத்த வேண்டியதாயிற்று. "எவன் செஞ்சானோ அவனை வீட்டுக்கு அனுப்பு!" என்று முதலாளி கத்தினார். அண்ணன் ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். மேனேஜர் தேவி மேடம் அறைக்கு ஓடினேன். எனக்கு முன்பே அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார். "யாரும் சொல்லல மேடம், என் புத்திதான்" என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொய் சொல்றார் மேடம், நான்தான் சரின்னேன்" என்றேன். மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். அதுங்க பழையபடி பீனால் திங்கிற வரைக்கும், உங்க ரெண்டு பேருக்கும் டீயில சீனி கிடையாது!"

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஊற்றிக் கிருமிகளை ஒரே மாதத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிட்டோம், ஆனால் சீனி டப்பாவைத் தொட எங்கள் இருவருக்கும்தான் இன்னும் கை வரவில்லை.