முன்பல் முளைக்கும் வரை

என் பல்லுக்கு டீக்கறை நிறம். திருச்சுழிப் பக்கம் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வெற்றிலையும் இல்லை, புகையிலையும் இல்லை. போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு செய்கிற வேலை. பாறையிலிருந்து கரைந்து வருகிறது, நாக்குக்குத் தெரியாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமியார் என் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளைக்குப் பொகையிலப் பழக்கம் உண்டுமா?" என்று கேட்டாராம். அவர்கள் நரிக்குடிப் பக்கம், ஊருணித் தண்ணீர் குடித்தவர்கள். பல்லெல்லாம் பளிச்சென்று இருக்கும். என் கல்யாண ஆல்பம் முழுக்க நான் வாயையே திறக்கவில்லை.

மகள் பிறந்ததும் என் கணவர் உறுதியாகச் சொல்லிவிட்டார், இவள் பல்லாவது வெள்ளையாக இருக்கணும் என்று. கல்யாணமானதும் அவர் என் ஊருக்கே குடிவந்திருந்தார்; அப்போது எங்கள் தெருவுக்குக் கேன் தண்ணீர் வராது. வேலைவிட்டு வந்ததும் போர் தண்ணீரை அடுப்பில் ஏற்றி, பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவிடுவார். குண்டானில் படிந்த வெள்ளை உப்பைச் சுரண்டிக் காட்டுவார்.

"பாத்தியா, கெட்டதெல்லாம் இங்கயே ஒட்டிக்கிருச்சு."

கஞ்சி, ரசம் சாதம், குடிக்கிற தண்ணீர் எல்லாமே அந்தக் குண்டானிலிருந்துதான். பக்கத்து வீடுகளிலும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வருடம் மகளுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்தன. பள்ளிக்கூடத்தில் பல் முகாம் போட்டார்கள். என் கணவர் டாக்டரிடம் தன் வைத்தியத்தைச் சந்தோஷமாக விவரித்தார். டாக்டர் குறுக்கிட்டார்.

"கொதிக்க வச்சா கிருமிதாங்க சாகும். ஃப்ளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்."

"இனிமே கேன் தண்ணி வாங்குறோம் சார்" என்றேன்.

"வாங்குங்க, சமையலுக்கும் அதையே வைங்க. பின்னால வர்ற பல்லுக்கு நல்லது. முன்பல்லு கைப்பிள்ளையா இருக்கும்போதே ஈறுக்குள்ள உருவாகிரும். அது எப்படி இருக்குன்னு வெளிய வந்தாத்தான் தெரியும்."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கணவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பாசத்தில் செய்த மனுஷனை என்னவென்று திட்டுவது? அதை நினைத்தால் கோபம் இன்னும் கூடியது.

அதன்பிறகு காலையில் கண் விழித்ததும் மகளின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதே என் வேலை. பொக்கை வாயோடு அவள் சிணுங்குவாள். அவர் வாசலில் செருப்பைத் துடைப்பது போல நின்றுகொண்டு காதை இங்கே வைத்திருப்பார். "இன்னும் இல்ல" என்று சொன்ன பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் எட்டிப் பார்த்தது. அவர் ஓடி வந்து குனிந்து பார்த்தார்.

"ஏய், வெள்ளைடீ! வெள்ளையாத்தான் இருக்கு!"

அவர் கண் கலங்கிவிட்டது. நான் சேலை முந்தானையால் எச்சிலை ஒற்றி எடுத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். ஈரம் காய்ந்ததும் பல்லின் குறுக்கே சுண்ணாம்பு தீற்றியது போலக் கோடுகள் தெரிந்தன. என் பல்லும் முளைத்தபோது இப்படித்தான் இருந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், பழுப்பேறியது பிறகுதானாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"அழகா இருக்கு" என்றேன்.

மகள் கண்ணாடிக்கு ஓடினாள். பல்லைப் பார்த்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. சிரித்த உடனே கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கைய எடுடீ. எதுக்கு மூடுற?"

"நீ மொதல்ல எடும்மா" என்றாள்.

என் கை என் வாய்மேல்தான் இருந்தது.