பல் தெரியாத அரக்கன்

நாவலூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு என் மகனுக்கு அங்கே வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அவனுடைய சிநேகிதர்கள் வீட்டுக்கு வருவார்கள். தலையணை கனத்துக்கு இங்கிலீஷ் கதைப் புத்தகம் படிக்கிற பிள்ளைகள். மந்திரம், டிராகன், இருட்டு உலகத்து ராஜா என்று அவர்கள் பேசுவதில் பாதிதான் எனக்குப் புரியும். ஒருநாள் பெரிய தர்க்கம் நடந்தது. ஆயிரம் வருசம் திட்டம் போட்டு உலகத்தையே பிடிக்க வருகிறவன், கடைசியில் ஒரு சின்னப் பையனிடம் தோற்றுப் போகிறானே, இவனெல்லாம் இன்னாடா வில்லன் என்றான் என் மகன். அவன் பலசாலிதான், எழுதுகிறவன்தான் அவன் கையைக் கட்டிப் போடுகிறான் என்றான் இன்னொரு பையன். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்தத் தர்க்கம் எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் நானே செய்திருக்கிறேன். அதைப் போய் அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, உள்ளே தள்ளி இருக்கிறது. மழையை நம்பிய நிலம். ஆடி பிறந்தால் விதைக்கு வேர்க்கடலை உடைக்க உட்கார்ந்துவிடுவோம். கையால்தான் உடைக்க வேண்டும். உள்ளே பருப்பின் தோல் கிழிந்தால் முளைக்காது. மதியக் கஞ்சி குடித்ததும் கூடத்தில் கோணி விரித்து, பெரியவர்களும் பிள்ளைகளுமாகச் சுற்றி உட்காருவோம்.

பிள்ளைகளை அந்த வேலையில் உட்கார வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. உடைத்ததில் பாதி வாய்க்குள் போய்விடும். அதற்குச் சித்தப்பா ஒரு வழி வைத்திருந்தார். கதை சொல்லுவார். நாங்கள் வெறுமனே 'உம்' கொட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஆமா சாமி' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கடலை மென்றுகொண்டிருப்பவன் குரலிலேயே அகப்பட்டுக்கொள்வான். அகப்பட்டவனுக்கு அன்றைக்குக் கதை கிடையாது, மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளப் போக வேண்டும். என் அண்ணன் பெரும்பாலும் சாணிதான் அள்ளினான்.

அந்த வருடத்துக் கதையில் ஓர் அரக்கன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்க் குகையில் வைத்திருந்தான். மகா மக்கு. குகையைப் பூட்டிச் சாவியைத் தன் காதில் செருகிக்கொண்டு தூங்குவான். பல்லி கத்தினால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். இளவரசி தினமும் அவனை ஏமாற்றிவிட்டு ஓடுவாள். மறுநாளைக்குக் கதை வேண்டுமே, அதனால் எப்படியோ திரும்பவும் அகப்படுவாள்.

எங்களோடு அத்தையும் உட்கார்ந்து உடைத்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. அந்தத் தை மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புதிதாகக் கட்டிக்கொடுத்த பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். ஆவணி பிறந்தால் புருஷன் வந்து கூட்டிப் போவான். அப்படித்தான் அவளும் வந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். முன்கையின் உள்பக்கம் சின்னச் சின்ன வட்டமாகச் சுட்ட வடுக்கள். அடுப்பு பட்டுவிட்டது என்றாள். அடுப்பு அப்படி வட்டம் வட்டமாகச் சுடுமா என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அடுப்படியில் ஒருநாள் அம்மாவிடம், நான் திரும்பப் போகமாட்டேன் அண்ணி என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா அப்பாவிடம் சொன்னாள். மாப்பிள்ளை வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார் அப்பா. எனக்குச் சந்தோஷம்தான். அத்தை போகாவிட்டால் தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவாள்.

அரக்கன் பல்லிக்கு ஒளிகிற இடம் வந்தால் அத்தை சிரித்துவிடுவாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அங்கே மட்டும்தான். சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கதை சொல்லுவார். பல்லி அடிக்கடி கத்தியது.

எனக்குத்தான் அலுத்துப் போய்விட்டது. எல்லோர் முன்னாலும் பேச வெட்கப்படுகிற நானே ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இவன் இன்னா அரக்கன் சித்தப்பா? எனக்கே பயம் வர்ல."

"அப்ப உன் அரக்கன் எப்டி இருப்பான், சொல்லு பாக்கலாம்."

பனைமர உயரம், வாய் கொள்ளாத பல், மூக்கில் நெருப்பு என்று நான் அடுக்கினேன். அத்தை தலை நிமிராமல் உடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவ்ளோ பல்ல காட்டிகினு வந்தா ஊரே தடிய எட்த்துகினு வந்து அட்ச்சி போட்டுடும். நெஜமான அரக்கனுக்குப் பல்லே தெரியாது. சலவ வேட்டி கட்டியிருப்பான். பெரியவங்கள கண்டா கையெடுத்துக் கும்புடுவான். அவன அரக்கன்னு சொல்றவளத்தான் ஊர்ல பைத்தியம்னுவாங்க."

"அது அரக்கன் இல்ல அத்த. எங்க வாத்தியாரு" என்றான் அண்ணன்.

நான் கோணியில் புரண்டு சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. அன்றைக்குக் கதை பாதியில் நின்றது.

அந்த வருடம் மழை தள்ளிப் போனதால் ஆவணி பிறந்தும் விதை மிச்சம் இருந்தது. முதல் நாளே மாமா வந்துவிட்டார். அத்தையின் புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சதுரங்கப்பட்டினத்தில் மளிகைக் கடை. தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அப்பாவைக் கும்பிட்டார். எனக்கு ஒரு பொட்டலம் எள்ளுருண்டை. மடியில் உட்கார வைத்துக்கொண்டு தன் கையாலேயே ஊட்டினார்.

அவள் இல்லாமல் வீட்டில் விளக்கு வைக்க ஆள் இல்லை என்றார். தானும் கோபத்தில் ஒன்றிரண்டு வார்த்தை பேசியிருக்கலாம், அது தன் தப்புதான் என்று அவராகவே சொன்னார். அப்பா அதிலேயே குளிர்ந்து போய்விட்டார். சித்தப்பாதான் நடுவில் புகுந்தார்.

"அக்காவ அனுப்ப முடியாது. அது கைய பாத்தீங்களாண்ணா?"

மாமாவுக்குக் கோபமே வரவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"தம்பி சொல்றது ஞாயம்தான். எனக்கு ஒரு அக்கா இருந்தா நானும் இப்டித்தான் கேப்பன். அவ சமைக்கிறப்ப பிராக்கு பாக்கறா, சுட்டுக்கறா. நான் கூட இருந்து பாத்திருக்கணும்."

மரியாதை தெரிந்த மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு இதென்ன பேச்சு, போய் மாட்டைக் கட்டு என்று அப்பா சித்தப்பாவை அதட்டினார். பிறகு கதவோரம் நின்ற அத்தையைக் கேட்டார்.

"நீ இன்னாம்மா சொல்ற?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். அவர் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னா சொல்றது" என்றாள்.

புறப்படும் முன் என்னைக் கூப்பிட்டு, பின்னியிருந்த சடையையே அவிழ்த்து இன்னொரு தடவை பின்னிவிட்டாள். ரொம்ப இறுக்கிப் பின்னிவிட்டாள் என்று நான் சிணுங்கினேன்.

அன்று மதியம் மிச்ச விதையை உடைக்க உட்கார்ந்தபோது கதை கேட்டேன்.

"கத முட்ஞ்சி பூட்ச்சி" என்றார் சித்தப்பா.

"அரக்கன் சாவவே இல்லையே."

கையில் இருந்த கடலையைக் கோணியில் போட்டார்.

"அவன் மக்குன்னு நான்தான சொல்லிகினு இருந்தன்" என்று எழுந்து போய்விட்டார். மேற்கொண்டு கதை கட்டத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் கையில் இருந்ததெல்லாம் அந்தக் கதை ஒன்றுதான் என்பதும், அதற்குள் மட்டும்தான் அவரால் அக்காவைத் தினமும் தப்ப வைக்க முடிந்தது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

கார்த்திகையில், கடலைச் செடி பிடுங்குவதற்கு முன்பே செய்தி வந்தது. தண்ணீர் சேந்தும்போது கால் வழுக்கி அத்தை கிணற்றில் விழுந்துவிட்டாள் என்றார்கள். வண்டி கட்டிக்கொண்டு போனோம். மாமா தரையில் விழுந்து புரண்டு அழுதார். நாலு பேர் சேர்ந்துதான் பிடிக்க முடிந்தது. எந்தப் புருஷன் பெண்டாட்டிக்காக இப்படி அழுவான் என்று ஊர்ப் பெண்கள் தங்களுக்குள் சொல்லி மாய்ந்து போனார்கள். சித்தப்பா உள்ளேயே வரவில்லை. தெருக்கோடி வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கூடப் பிறந்தவளுக்கு அழாத கல்நெஞ்சன் என்று அவரைப் பேசினார்கள். எனக்கும் அவர்மேல் கோபமாக வந்தது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பாவாடை நுனியை எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.