கிரேன் அக்காவின் பதினொரு கிலோ

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. அடையாள அட்டையில் ஒரு பெயர் இருந்தது. அது அட்டையோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் கிரேன் அக்கா.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. துவைத்து முடித்த இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்தால், உள்ளே நாற்பது ஐம்பது படுக்கை விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகக் கிடக்கும். ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் தேநீருக்குப் போவார்கள். அக்கா ஒரு காலை இயந்திரத்தின் அடிச்சட்டத்தில் ஊன்றி, ஒரே இழுப்பில் பாதி மூட்டையைத் தள்ளுவண்டிக்குக் கொண்டுவந்துவிடுவாள். இருபத்தாறு வருஷம் இதே வேலை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. கையில் காய்கறிப் பை, தண்ணீர்க் கேன் என்று ஏதாவது இருக்கும். இதையெல்லாம் அவள் ஒரு நாளும் உடற்பயிற்சி என்று நினைத்ததில்லை. நினைத்திருந்தால் அலுத்துப்போயிருக்கும்.

சலவைக்கூடத்து வாசலில் தரையோடு தரையாக ஒரு தராசு பதித்திருந்தார்கள். அழுக்குத் துணி உள்ளே வரும்போது அதில் ஏற்றி நிறுத்துவார்கள். எந்த இயந்திரத்துக்கு எத்தனை கிலோ என்பதற்காக ஏற்பட்ட தராசு அது. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலையில் துணிக்கு முன்னால் ஆட்கள் ஏறி நிற்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக ஏற வேண்டும். எடையைப் பின்சுவரில் சாக்குக்கட்டியால் எழுத வேண்டும். அந்த மாதம் யார் அதிகம் குறைந்திருக்கிறாரோ அவருக்கு மற்றவர்கள் தேநீர் வாங்கித் தர வேண்டும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. இதெல்லாம் வேண்டாம் என்று தடுத்த மேற்பார்வையாளரே மூன்றாம் மாதம் வரிசையில் வந்து நின்றார்.

அக்கா அந்தப் போட்டியில் ஜெயித்ததே இல்லை. அறுபத்தெட்டு கிலோ என்று சுவரில் எழுதினால் அது அழிக்கவே தேவையில்லாமல் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும்.

பிறகு புது இயந்திரங்கள் வந்தன. பொத்தானை அமுக்கினால் துவைத்த துணியைத் தானே சாய்த்துக் கொட்டிவிடும். மூலையில் இருந்த மூன்றாம் நம்பர் மட்டும் பழையதாகவே நின்றது. அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. இத்தனை காலம் இழுத்தது போதும் என்று நல்ல மனதோடு அவளை வாசல் ஜன்னலுக்கு மாற்றினார்கள். வருகிற விரிப்பை எண்ணிக் குறிக்கிற வேலை. சுழல் நாற்காலி கொடுத்தார்கள், அதற்கு ஒரு மெத்தையும் போட்டார்கள்.

மகனும் சும்மா இருக்கவில்லை. அவன் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவன், அம்மா மூட்டை தூக்குவது அவனுக்கு எப்போதுமே உறுத்தல். கடைக்காரரிடம் பேசி, அரிசியிலிருந்து தண்ணீர் வரை மூன்றாம் மாடிக் கதவு முன்னால் வந்து இறங்கும்படி செய்துவிட்டான். அம்மாவைத் தாங்கு தாங்கு என்று தாங்கினான். குறை சொல்ல முடியாது, பாசம்தான்.

உட்கார்ந்தே இருப்பவளுக்குப் பசி எப்படி எடுக்கும்? காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், மதியம் பேருக்கு ஒரு கிண்ணம் சோறு, ராத்திரி ஏதாவது ஒரு பழம். சுவரில் எண் இறங்க ஆரம்பித்தது. அறுபத்தாறு, அறுபத்து நான்கு, அறுபது. இரண்டு வருஷத்தில் பதினொரு கிலோ. எட்டு முறை தேநீர் ஜெயித்தாள். சலவைக்கூடம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நம் ஜனங்களுக்கு ஒருத்தர் மெலிந்துவிட்டால் போதும், என்ன ஏது என்று விசாரிக்க மாட்டார்கள். உடனே பாராட்டு, ரகசியம் என்ன என்று ஒரு கேள்வி, தானும் நாளையிலிருந்து ஆரம்பிக்கப் போவதாக ஒரு சபதம்.

நாற்காலியிலிருந்து எழ மேஜையை ஊன்ற வேண்டியிருந்ததும், பாட்டில் மூடியைத் திறக்க எதிர்வீட்டுக்குப் போனதும், இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கியதும் யார் கண்ணிலும் படவில்லை. அவள் கண்ணில் பட்டது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

மழை பெய்த ஒரு மாலையில் விழுந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. சாரல் அடித்தால் கடைசிப் படி வழுக்கும். அது இருபது வருஷமாக வழுக்குகிற படி. இதற்கு முன்னால் பத்து முறையாவது அதே இடத்தில் கால் சறுக்கியிருக்கிறது. அடுத்த கால் ஊன்றிக்கொள்ளும், ஒரு வசவோடு விஷயம் முடிந்துவிடும். இந்த முறை அடுத்த கால் ஊன்றவில்லை, மடங்கியது. கையை ஊன்றினாள். இடது மணிக்கட்டு உடைந்தது.

கட்டுப் போட்ட டாக்டர், இவ்வளவு லேசாக விழுந்ததற்கு எலும்பு உடையக் கூடாதே என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். எலும்பு மெலிந்திருந்தது. வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பிவைத்தார்.

மகன் அன்றைக்கே பேச்சை எடுத்தான். "போதும்மா. எங்க வீட்டுல கீழ் ரூம் காலியாத்தான் இருக்கு. படி கிடையாது, பாத்ரூம் பக்கத்துலயே. வந்துடு."

அந்த அறையை அவளுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் சுவர். மருமகள் நல்லவள்தான், சண்டையெல்லாம் இல்லை. ஆனால் மூன்றாம் மாடி வீட்டில், கணவர் போன பிறகு பதினான்கு வருஷமாக, அவள் விளக்கை எப்போது போட்டாள், எப்போது அணைத்தாள் என்று யாருக்கும் பதில் சொன்னதில்லை. அந்த வீட்டை விட்டு இறங்கினால், துவைத்த விரிப்பு மாதிரி தன்னை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்று பயந்தாள்.

"கட்டு பிரிக்கட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பிசியோ பெண் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தாள். ஊழியர்கள் எல்லோருக்கும் மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்த பரிசோதனை ஒன்று. இப்போது எடுத்தது ஒன்று. உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற அறிக்கை.

"பதினொரு கிலோ குறைஞ்சிருக்கீங்க. அதுல பாதிகிட்ட கொழுப்பு இல்லீங்க, தசை."

"தசை போனா போகட்டும். எலும்புதானே உடைஞ்சுது?"

"எலும்பு சும்மா நிக்கற கம்பி இல்லீங்க. தசை இழுக்கணும், பாரம் ஏறணும். அப்பத்தான் அது தன்னைக் கெட்டியா வச்சுக்கும். இழுக்க ஆளே இல்லைன்னா, நமக்கு இங்க என்ன வேலைன்னு அதுவும் இளைக்க ஆரம்பிச்சுடும். வயசு ஒரு காரணம், மாதவிலக்கு நின்னது ஒரு காரணம். இதுவும் சேர்ந்துக்குச்சு. அது தவிர, வழுக்கும்போது பிடிச்சு நிறுத்தறதும் தசைதான்."

அக்கா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்தது. ஒரு சமயம் புதிதாக வந்த எழுத்தர் துவைத்து வந்த ஈர மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு, உள்ளே போனதைவிட வெளியே வந்த துணி அதிகம் என்று எழுதிவைத்தார். ஈரத்தை எடை போட்டவர் என்று ஒரு வாரம் அவரை ஓட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அக்காதான். எடை எவ்வளவு என்றுதான் தராசு சொல்லும், அதில் துணி எவ்வளவு தண்ணீர் எவ்வளவு என்று சொல்லாது. இது சலவைக்கூடத்தில் முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம். அது தெரிந்தவளே, துணி போனதா தண்ணீர் போனதா என்று பார்க்காமல், தராசில் ஏறி நின்று எட்டு முறை கைதட்டு வாங்கியிருக்கிறாள். காது சுட்டது.

"இந்த நாற்காலியில உக்காந்து, கையை மார்ல கட்டிக்கிட்டு, அரை நிமிஷத்துல எத்தனை தடவை எழுந்து உக்கார முடியுதுன்னு பாப்போம்" என்றாள் பெண்.

ஐந்து முறை. ஆறாவதில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க வயசுக்கு ஒரு பன்னெண்டாவது வரணும்."

"வந்தா நான் என் வீட்டுலயே இருக்கலாமா?"

"அதை நான் எப்படிங்க சொல்றது? கால் சொல்லணும்."

மகனோடு ஒப்பந்தம் ஆயிற்று. கட்டுப் பிரித்து நான்கு மாதம். அதற்குள் அவள் தேறாவிட்டால் மறுபேச்சில்லாமல் கீழ் அறை. "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றான், முதல் முறையாக. "ராத்திரி போன் அடிச்சாலே உனக்குத்தான் ஏதோன்னு தோணுது." அவளுக்கும் பயம்தான். அதை அவனிடம் சொல்லவில்லை.

முதல் வேலையாகச் சுழல் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தாள். தினமும் மூன்று வேளை சாதாரண நாற்காலியில் எழுவதும் உட்காருவதும். சுவரைப் பிடித்து நுனிக்காலில் நிற்பது. ஒற்றைக்காலில் நிற்பது, பக்கத்தில் மேஜை இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு. தட்டில் முட்டை, பருப்பு, பால், மீன் திரும்பி வந்தன. கடைக்காரரிடம் இனிமேல் மேலே கொண்டுவர வேண்டாம் என்றபோது அவர் முகம் வாடிவிட்டது. தன் கடை அரிசியில் ஏதாவது கல்லா என்று கேட்டார்.

முதலில் ஒரு கிலோ பை, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒரே நாளில் பழைய கிரேன் ஆகிவிடலாம் என்று அவள் ஒரு முறை ஐந்து கிலோவைத் தூக்கிப் பார்த்து, இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்ததில், பிசியோ பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூன்றாவது மாதம் அந்தப் பெண்ணிடமே கடிதம் எழுதி வாங்கி மேற்பார்வையாளர் மேஜையில் வைத்தாள். மூன்றாம் நம்பர் இயந்திரத்தில் தினமும் ஒரு சுமை மட்டும் தன் கையால் இறக்க அனுமதி. இரண்டிரண்டு விரிப்பாகத்தான் இழுக்க வேண்டும் என்று அவர் அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்தார்.

சுவரில் எண் ஏறியது. ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதரை.

"என்னக்கா, மறுபடியும் வெயிட் போட்டுட்டீங்களே!" என்று தராசைச் சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"துணி ஏறியிருக்கு" என்றாள் அக்கா. யாருக்கும் புரியவில்லை. விளக்கம் சொல்லவும் அவளுக்குப் பொறுமையில்லை.

நான்காம் மாதம் நாற்காலியில் பதிமூன்று முறை எழுந்தாள். எலும்பையும் படம் எடுத்துக் கொடுங்கள், மகனிடம் காட்ட வேண்டும் என்று டாக்டரிடம் போய் நின்றாள். எலும்பு மெதுவாகத்தான் மாறும், வருஷம் ஒன்றிரண்டு போகட்டும், இப்போது எடுத்தால் ஒன்றும் தெரியாது என்று அவர் அனுப்பிவிட்டார். வெறுங்கையோடு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மகன் வந்தான். சட்டைப் பையில் கீழ் அறையின் சாவி இருந்தது. சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது என்றான். அம்மா அப்போதுதான் கடையிலிருந்து வந்து கட்டட வாசலில் நின்றாள். தோளில் ஒரு பை, வலது கையில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்.

"பதிமூணு வந்துடுச்சு" என்றாள்.

"நாற்காலியிலேருந்து எழுந்தா ஆச்சாம்மா? நீ விழுந்தது படியில. கொடு அந்தக் கேனை."

கொடுக்கவில்லை. அவள் முன்னால் ஏறினாள், அவன் பின்னால் வந்தான். மத்தியானம் பெய்த மழையில் இரண்டாம் மாடித் திருப்பம் நனைந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், கவனமாகத்தான் கால் வைத்தாள். ஆனாலும் அந்தக் கடைசிப் படியில் வலது கால் சர்ரென்று சறுக்கிப் போயிற்று.

"அம்மா!"

இடது கால் ஊன்றியது. முழங்கால் மடங்கியது, தொடை பிடித்துக்கொண்டது. அரைப் படி கீழே இறங்கிய உடம்பு அங்கேயே நின்றது. இடது கை கைப்பிடிக் கம்பியைப் பற்றியது. கேனுக்குள் தண்ணீர் தளும்பி அடங்கியது. தோளில் இருந்த பையில் ஒரு டஜன் முட்டை, ஒன்றுகூட உடையவில்லை.

மகன் இரண்டு கையையும் நீட்டியபடி இரண்டு படி கீழே நின்றான். அவன் கை எட்டியிருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். நின்றுகொண்டிருந்தாள். "விழலை" என்றாள். அவனிடம் சொன்ன மாதிரி இல்லை.

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பாதி பயம். மீதி, இரண்டு மாடி ஏறியதற்கே வாங்கிய மூச்சு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில்லாத ஜன்னலைப் பார்த்தான்.

"நாளைக்கே இதுக்குக் கண்ணாடி போடச் சொல்றேன்" என்றான்.

"சொல்லு."

சாவியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, திரும்ப உள்ளே போட்டுக்கொண்டான். "அந்த ரூம்ல என் பழைய சைக்கிளைப் போட்டு வச்சுக்கறேன்மா."

"போட்டு வைக்காதேடா, ஓட்டு" என்றாள் கிரேன் அக்கா. சொல்லிவிட்டுக் கேனைக் கை மாற்றிக்கொண்டு மேலே ஏறினாள்.