பெரும்புதூர்க்காரன் பார்க்காத கடல்பசு

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவரில் புதிதாகப் படம் வரைந்திருக்கிறார்கள். ‘கடல்வாழ் உயிர்களைக் காப்போம்’ என்று எழுதி, கீழே ஒரு கடல்பசு. வரைந்தவர் அதற்கு மாட்டுக் கண் வைத்து மையும் தீட்டியிருந்தார். கொம்பு வைக்காமல் விட்டதற்கே நன்றி சொல்லவேண்டும். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துத் துரத்தும்வரை வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் கடல்பசுவுக்கும் பழைய தொடர்பு உண்டு. தொண்ணூற்றொன்றில், ஆவணியில் கல்யாணம் ஆன கையோடு, “இன்னா பாக்கணும், சொல்லு” என்று மனைவியிடம் கேட்டேன். மெரினா, வண்டலூர் என்பாள், டவுன் பஸ்ஸிலேயே முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. வாலாஜாபாத்துப் பெண், “கடல்பசு பாக்கணுங்க. ஒம்பதாங் கிளாஸ் புக்குல படம் போட்டிருந்துச்சு” என்றாள். புது மாப்பிள்ளை முடியாது என்பானா? “காட்றேன், வா” என்றேன். அது கரையில் மேயுமா, கடலுக்குள் இருக்குமா என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்த பட்டறையின் முதலாளி, கிண்டிக் குதிரைப் பந்தயத்துக்கென்று ஒரு பைனாகுலர் வைத்திருந்தார். கெஞ்சி வாங்கிக்கொண்டேன். தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்தில் போய் இறங்கி, கடல்பசுவை எங்கே பார்க்கலாம் என்று விசாரித்தோம். “ஆவுளியாவா? காலையில தண்ணி அசையாம கெடக்கைல பாருங்கண்ணே, மூச்சு விட மேல வரும்” என்றார் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்.

மறுநாள் காலை கரையில் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. இரண்டு போலீஸ்காரர்கள்.

“எந்த ஊரு?”

இங்கேதான் எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். என் ஊர் ஒரகடம். தொழிற்சாலைகள் வந்தபின், இன்றைக்கு அந்தப் பெயர் கொரியாக்காரருக்கும் தெரியும். அன்றைக்குத் தாம்பரத்தைத் தாண்டினால் ஒருவருக்கும் தெரியாது. அதனால் வெளியூரில் யார் கேட்டாலும் கொஞ்சம் பெரிய பெயராகச் சொல்லிப் பழகியிருந்தோம்.

“ஸ்ரீபெரும்புதூருங்க.”

அங்கே தேசியத் தலைவர் ஒருவரைக் குண்டு வைத்துக் கொன்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஊர்க்காரன், இலங்கைக்கு எதிர்க்கரையில், பைனாகுலரோடு. கடல்பசு பார்க்க வந்தேன் என்றதும் அவர்கள் முகம் இன்னும் இறுகியது.

கவிழ்த்துப் போட்ட படகின் மேல், கடலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். புது மனைவி பார்க்கக் கைகட்டிப் பதில் சொன்னேன். வெயில் ஏறியபின், அவள் கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிற்றைப் பார்த்து, “போய்யா, ஊரு போய்ச் சேரு” என்று விட்டார்கள். பைனாகுலரைத் திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளிடம் போனேன்.

“இன்னாங்க, நான் பாத்துட்டேன்” என்றாள்.

“எத்த?”

“கடல்பசுவத்தான். மூக்க மட்டும் வெளிய நீட்டி மூச்சு வுட்டுச்சு. அப்பால முங்கிடுச்சு.”

எனக்குப் போன உயிர் வந்தது. திரும்பும் பஸ்ஸிலேயே பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்துவிட்டேன். பிறகு பட்டறையில், ரேஷன் கடையில், சம்பந்தி வீட்டில். வருஷம் போகப் போகக் கடல்பசு பெருத்தது. ஒரு கட்டத்தில் பக்கத்தில் கன்றும் நீந்தியது. அவள் மறுக்கவில்லை.

போன வருஷம் மகள் குடும்பத்தோடு அந்தக் கரைக்குக் கிளம்பினாள். “எங்க நின்னு பாத்தன்னு அவளுக்குச் சொல்லேன்” என்றேன் மனைவியிடம். அவரைக்காய் நரம்பு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“நான் எங்க பாத்தேன்? உங்க மூஞ்சிய அன்னிக்கு என்னால பாக்க முடியல. அதான் ஒண்ணு சொன்னேன்.”

“இத்தினி வருஷம் சொல்லவே இல்லியே?”

“நீங்க ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சீங்க. நடுவுல எங்க நிறுத்தறது?”

கோபம் வரவில்லை. வெட்கமும் அன்புமாக ஏதோ வந்தது. பார்த்தாகிவிட்டதே என்று நான் அவளை மறுபடி அந்தப் பக்கம் கூட்டிப்போகவே இல்லை.

எங்கள் வயல்கள் தொழிற்சாலைகளுக்குப் போயின. அதற்காவது நஷ்ட ஈடு கொடுத்தார்கள். ஆவுளியா இப்போதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை என்று படகுக்காரர்கள் சொன்னதாக மகள் வந்து சொன்னாள். இருந்தாலும், “நாம ஒருக்கா போலாமா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“எனக்கு முட்டி வலி. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றாள்.